தலைநகரில் மூன்று நாள்

பள்ளி விடுமுறையில் நமது தோட்டத்துக் குடும்பங்கள் நான்கைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரைச் சுற்றிப் பார்த்து வந்தோம். தலைநகருக்கு ஒன்றரை மணி நேரப் பிரயாண தூரத்தில் வாழ்ந்தும் அதனை நின்று பாராதவர் நம்மவருள் அநேகர். போகிறவர்களும் இரட்டைக் கோபுரத்தின் அடியில் படம் பிடித்துக்கொண்டு, பத்துமலையின் 272 படிகளை ஏறியிறங்கி, மஸ்ஜித் இந்தியா வீதியில் துணியெடுத்துத் திரும்பிவிடுவர். முதல் நாள் நாமும் அவ்வண்ணமே செய்தோம். அதைப்பற்றி எழுத விசேஷமொன்றுமில்லை.

இரண்டாம் நாள் காலை, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் நின்றோம். 1857-ம் வருஷம், கிள்ளானில் அதிகாரம் செலுத்திய ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனரை இவ்வாற்று வழியே மேலே அனுப்பினார். ஒரு மாதத்துக்குள் மலேரியாக் காய்ச்சலுக்குத் தப்பியவர் 18 பேரே என்பர். அவர்கள் கரையேறிய சேற்றுத் துறையே இன்றைய தலைநகர். 1880-ல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. மறு வருஷமே தீப்பற்றி அத்தாப்புக் கூரைகள் எரிந்தன. அதே வருஷத்தில் வெள்ளமும் வந்து மிஞ்சியதைக் கொண்டுபோயிற்று. 1882-ல் ரெஸிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்டவேண்டும் என வற்புறுத்தினார். கப்பித்தான் யாப் ஆ லாய் சூளைகளை வைத்தார். அச்சூளைகள் புகைந்த இடத்துக்கே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்தது.

திடலுக்கு எதிரே சுல்தான் அப்துல் சமத் கட்டடம். 1897-ல் முடிந்தது, சுமார் 40 லட்சம் செங்கல் கொண்டது என்பது கணக்கு. நார்மன், பிட்வெல், ஹப்பக் என வரைபடம் போட்டவர் பெயர்கள் சரித்திரத்தில் நிலைத்திருக்கின்றன. மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "கிராணி ஐயா, இந்தக் கல்லெல்லாம் நம்ம ஆளுங்கதானே சுட்டாங்க?" என்று கேட்டான். ஏதோ மேடையில் கேட்டானாம்.

இவ்விஷயத்தில் சற்று நிதானிக்க வேண்டும். சூளை சீனருடையது. அதனையும் நம்முடையதென்று முழங்குவது சரித்திரமாகாது. பிறர் உழைப்பைக் களவாடுவதே யாகும். நம்முடையது என்று சொல்லத்தக்கது வேறிருக்க, அதனை நாம் விட்டுவிட்டோம்.

அது புகைவண்டிப் பாதை. 1886-ல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரையில் வண்டி ஓடிற்று. 1890-ல் பாலம் கட்டி ஆற்றைக் கடந்து கிள்ளானை யடைந்தது. 1901-ல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர். திறந்த சில மாதத்துக்குள் காய்ச்சல் துறைமுகத்தையே முடக்கிற்று. டாக்டர் மால்கம் வாட்சன் முன்னின்று சதுப்பை வடியச் செய்த பின்னரே அது நிலைத்தது. இப்பாதையைக் காத்த கூலிக் கூட்டங்களில் பெரும் பகுதியினர் தென்னிந்தியர். ஸ்டேஷன்களிலும் ஆபீசுகளிலும் உட்கார்ந்தவருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். இவர்களால்தான் பிரிக்பீல்ட்ஸ் தமிழ் ஊராயிற்று. ரயில்வே ஊழியர் குடியிருந்த நூறு வீட்டு வரிசை இடிக்கப்பட்டுவிட்டது. பழைய ரயில்வே முற்றத்தின்மேல் 2001 முதல் சென்ட்ரல் நிலையம் நிற்கிறது. 2010-ல் 'லிட்டில் இந்தியா' என்று இவ்வீதிக்குத் திறப்பு விழா நடத்தினர். வளைவு மினுமினுக்கிறது, அதனடியில் நின்றவர்களுள் ஒருவருக்கும் தண்டவாளத்தின் ஞாபகம் வந்ததாகத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அப்பாதையிலேயே கிள்ளானுக்கு வந்தோம். ராஜா அப்துல்லாவின் பழைய கிடங்கைப் பார்த்துவிட்டு நிழலில் அமர்ந்தபோது, 1941-ம் வருஷத்து வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். நாம் படித்த இங்கிலீஷ் பள்ளிப் புத்தகத்தில் சுவெட்டன்ஹாம் உண்டு, யாப் ஆ லாய் உண்டு; இது இல்லை. யுத்தத்தினால் ரப்பர் விலை ஏறியிருந்த காலம். கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதனும் கிள்ளான் இந்தியர் சங்கத்தாரும் துணைநிற்க, கோரிக்கை விடுத்தனர். சீனருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, வைத்திய வசதி, கள்ளுக்கடையை மூடுதல், பெண்டிர் மானத்துக்குப் பாதுகாப்பு. இவற்றுடன் ஒன்று: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் மாண்டனர்.

இதுவரை சொல்லி நிறுத்தினோம். உடன் வந்த கிழவி ஒருத்தி, லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள், வெற்றிலையை மடித்தபடி, "தொரைக்கு மட்டும் இல்லீங்க ஐயா, கிராணிக்கும் எறங்கணும்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றாள்.

அவள் சொன்னது மெய். அக்கோரிக்கையில் ஆசிய உத்தியோகஸ்தர் என்றும் கண்டிருக்கிறது. கொடுமை செய்யும் அத்தகையோரை நீக்கவேண்டும் என்றும் தனியே ஒரு கோரிக்கை உண்டு. நாம் அதனைப் படித்தே யிருந்தோம். சொல்லுகையில் துரையோடு நிறுத்திக்கொண்டோம்.

பையன் நம் முகத்தைப் பார்த்தான். விட்டதையும் அவனுக்குச் சொன்னோம்.