புட்டியின் விலை

சிங்கப்பூரில் மதுவின் விலையைப் பெரிதும் வகுத்து வந்தது அரசின் வரியே. முதல் ரெசிடெண்டான வில்லியம் பர்க்குவார், நிருவாகச் செலவை ஈடுகட்ட, 1820-இல் அபினும் சாராயமும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார். குத்தகை முறை மறைந்த பின்னரும் வரி நிலைத்தது. 2014-இல் விஸ்கி முதலியவற்றின் தீர்வை, அவற்றிலுள்ள தூய மதுசாரம் லிட்டருக்கு 70 வெள்ளியிலிருந்து 88 வெள்ளியாக உயர்ந்தது. இத்தீர்வை சுவையை நோக்குவதன்று. மதுசார அளவையே நோக்குவது. எனவே 40 விழுக்காடு மதுசாரம் கொண்ட 700 மில்லிலிட்டர் புட்டி, மலிவாயினும் உயர்வாயினும், 24 வெள்ளி 64 காசு தீர்வையைச் சுமக்கலாயிற்று. பன்னிரண்டாண்டு பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியை வாங்குவோன் சுவைக்கு விலை தருகிறான். தேக்காவில் மலிவான புட்டியை நாடும் தொழிலாளியோ பெரிதும் வரிக்கே விலை தருகிறான். புட்டியின் தகுதியை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.