கையைத் தொங்கவிட்டவர்



ரெண்டு அணியும் வெளுத்து வாங்கிட்டாங்க. நல்லவேளை, வாயாலதான்! (சிரிப்பு) "சாதனைக்குப் பெரிதும் துணை நிற்பது முறைப்படி கற்ற பயிற்சியா, முறையை மீறும் துணிச்சலா?" என்பது தலைப்பு. இதிலே வேடிக்கை என்னன்னா, ரெண்டு அணியும் சாட்சிக்குக் கூப்பிட்டது ஒரே ஆளை. குத்துச்சண்டை வீரர் முகமது அலி. "மீறினார், ஜெயித்தார்" என்றார் இந்தப் பக்கத்துத் தம்பி. "மீறினார், அதனால்தான் அடிபட்டார்" என்றார் அந்தப் பக்கத்து அம்மா. ஒரே சாட்சி, ரெண்டு வாக்குமூலம்! அதனாலே அந்தச் சாட்சியை நானே கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத் தீர்ப்புக்கு வருகிறேன்.

தமிழ் வாத்தியாருக்கும் குத்துச்சண்டைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கு. ரெண்டுக்கும் இலக்கணம் இருக்கு.

குத்துச்சண்டையின் பால பாடம் என்ன? கை ரெண்டும் முகத்தை ஒட்டி இருக்கணும். தாடையை இறக்கி வைக்கணும். அடி வந்தால் தலையைப் பக்கவாட்டிலே நகர்த்தணும், இல்லே குனியணும். நேர் பின்னாலே சாயவே கூடாது. சாய்ந்தால் கால் தடுமாறும், அடுத்த அடி வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான். இந்த மனுஷன் என்ன செய்தார்? கையை இடுப்பளவுக்குத் தொங்கவிட்டார். அடி வரும்போது நேர் பின்னாலே சாய்ந்தார். கனத்த உடம்புக்காரர்கள் ஊன்றி நின்று அடிக்கிற சண்டையிலே, இவர் பரதநாட்டியம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். (சிரிப்பு)

அந்தக் காலத்து விமர்சகர்கள் பலர் தலையிலே அடித்துக்கொண்டார்கள். 1964 பிப்ரவரி 25. அமெரிக்காவில் மயாமி பீச். எதிரே உலகச் சாம்பியன் சன்னி லிஸ்டன். முந்தைய சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சனை இரண்டு தடவை, இரண்டு தடவையும் முதல் ரவுண்டிலேயே சாய்த்தவர். அலிக்கு அப்போது 22 வயது, கேஷியஸ் கிளே என்று பெயர். பந்தயக்காரர்கள் லிஸ்டன் பக்கம் ஒன்றுக்கு ஏழு என்று கட்டினார்கள். நடந்தது என்ன? ஏழாவது ரவுண்டுக்கு மணி அடித்தது. லிஸ்டன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை! (கைதட்டல்)

"பார்த்தீங்களா, மீறல் ஜெயிச்சாச்சு" என்று தம்பி துள்ளுகிறார். பொறுங்க தம்பி. அந்தக் கை ஏன் தொங்கியது என்று கேட்க வேண்டாமா?

கையை முகத்திலே வைக்கணும் என்பது எதற்காக? அடி படக்கூடாது என்பதற்காக. அலிக்கு அந்த வேலையை அவருடைய காலும் கண்ணும் செய்தன. எதிராளியின் கை எட்டும் தூரத்தை அளந்து, அதற்கு ஒரு விரற்கடை வெளியே நின்றார். ஆறடி மூன்று அங்குல உயரத்தில் அப்படி ஒரு வேகம்! எதிராளி முகத்தைக் குறிவைத்து வீசுவார், காற்றிலே போகும். கீழே தொங்கிய கை, கண்ணுக்குத் தெரியாத திக்கிலிருந்து சாட்டை மாதிரி வரும். ஆக, இலக்கணத்தின் எழுத்தைத்தான் மீறினார். அதன் நோக்கத்தை மீறவில்லை.

இது வானத்திலிருந்து குதித்து வந்ததா? இல்லை. லூயிவில் என்ற ஊரிலே 12 வயதுப் பையனாக இருந்தபோது அவருடைய சைக்கிள் திருட்டுப் போயிற்று. "எடுத்தவனை உதைக்கணும்" என்று அழுதான் பையன். "முதல்லே உதைக்கக் கத்துக்கோ" என்றார் ஒரு போலீஸ்காரர், ஜோ மார்ட்டின். அவர்தான் முதல் குரு. அது 1954. ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது 1960. நடுவிலே ஆறு வருஷம் வேர்வை! அப்புறம் வந்த பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி, சிஷ்யனுடைய பாணியை மாற்றவே முயலவில்லை. அது சாதாரண காரியம் இல்லைங்க. மாணவனைத் தன்னைப் போலவே ஆக்கப் பார்க்கிற வாத்தியார் ஊருக்கு நூறு பேர்.

இப்போது அம்மா பக்கத்து நியாயம். மீறலுக்கு விலையே இல்லையா? உண்டு. 1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பர் ஒரு இடக்கை வீச்சு வீசினார். கை கீழே இருந்தது. ஆள் தரையில்! மணி அடித்துக் காப்பாற்றியது. 1967-ல் வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை வருஷம் சண்டையே இல்லை. திரும்பி வந்தபோது கால் பழைய கால் இல்லை. 1971 மார்ச் 8, நியூயார்க். ஜோ ஃப்ரேசியரின் இடக்கை, பதினைந்தாவது ரவுண்டிலே அவரைக் கீழே தள்ளியது. தோல்வி. காவல் காத்த கால் தளர்ந்துவிட்டது, கை மட்டும் பழைய இடத்திலேயே தொங்கினால் என்ன ஆகும்?

ஆனால் அவர் பாடம் படித்தார். 1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவில் ஜயர் நாடு, கின்ஷாசா நகரம். எதிரே ஜார்ஜ் ஃபோர்மன். 40 சண்டை, 40 வெற்றி. ஃப்ரேசியரையே ரெண்டு ரவுண்டிலே ஆறு தடவை கீழே போட்டவர். அலிக்கு 32 வயது. அன்று ஆடவில்லை, ஓடவில்லை. கயிற்றிலே சாய்ந்துகொண்டார். கையுறை ரெண்டையும் முகத்துக்கு முன்னாலே தூக்கிவிட்டார், முழங்கையால் விலாவை மூடினார். "கயிற்றை விட்டு வா" என்று டண்டி கத்துகிறார். கேட்கவில்லை. ஃபோர்மன் அடித்து அடித்துக் களைத்துப் போனார். எட்டாவது ரவுண்டிலே ஃபோர்மன் தரையில்! (கைதட்டல்)

கவனிச்சீங்களா? கையைத் தொங்கவிட்டே பேர் வாங்கினவர், அன்றைக்குக் கையைத் தூக்கினார். எதை எப்போது மீறணும், எப்போது கும்பிட்டு ஏற்கணும் என்று தெரிந்ததுதான் அவருடைய ஞானம்.

அந்த ஞானமும் எப்போதும் கைகொடுக்கவில்லை. 1980-ன் தொடக்கத்தில் அவர் நம்ம சென்னைக்கு வந்தார். ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அதே ஆண்டு அக்டோபரில் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் எதிரே நின்றார். வயது 38. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருடைய பயிற்சிக் கூட்டாளி. பத்து ரவுண்டு வாங்கிய அடி! போதும் என்று நிறுத்தியவர் அதே டண்டி. 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. அந்த நோய்க்கும் அடிகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மருத்துவர்கள் விவாதிக்கலாம். ஆனால் கயிற்றில் சாய்ந்து வாங்கியதெல்லாம் அடிதானே, பூச்செண்டு இல்லையே. 2016-ல் அவர் மறைந்தார். 61 சண்டையில் 56 வெற்றி என்ற கணக்கோடு இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

குத்துச்சண்டை நடுவர்கள் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள் தெரியுமா? சுத்தமாக விழுந்த அடி, பலன் தந்த தாக்குதல், தற்காப்பு, ரிங்கைத் தன் கைக்குள் வைத்திருந்த திறமை. புத்தகத்தில் உள்ளபடி நின்றானா என்று ஒரு கட்டமே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன்?

பல வருஷம் முன்னாலே என் மாணவன் ஒருவன் கட்டுரையை முடிவுரையிலிருந்து தொடங்கி எழுதியிருந்தான். ஐந்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். "ஐயா, எங்கே தப்பு?" என்று கேட்டான். "முறை இல்லை" என்றேன். "புரியலையாங்கய்யா?" என்றான். புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஆனாலும் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் டண்டியாக இல்லை. "ஏன் இப்படி எழுதினே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பதில் சொல்லத் தெரிந்தால் அவன் கற்றவன், விட்டுவிடலாம். தெரியாவிட்டால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஆகவே தீர்ப்பு. சாதனைக்குப் பெரிதும் துணை நிற்பது முறைப்படி கற்ற பயிற்சியே. (கைதட்டல்) இருங்க, அம்மா, முழுசாக் கைதட்டிடாதீங்க! அந்தப் பயிற்சி முற்றிக் கனிந்த இடத்திலே பிறக்கிற மீறல்தான் அலியின் மீறல். கல்லாதவன் கையைத் தொங்கவிட்டால் பல்லுதான் தொங்கும். (சிரிப்பு) கற்றவன் தொங்கவிட்டாலும், கால் ஓடுகிறவரைதான்.

வீட்டிலே உங்கள் பிள்ளை ஒரு வேலையை வேறு மாதிரி செய்தால், கையை ஓங்குவதற்கு முன்னால் "ஏன்?" என்று ஒரு முறை கேளுங்கள்.