கட்டுமரமும் கேட்டமரானும்: வகுப்பில் நான் சொன்னதற்கு ஒரு திருத்தம்



போன வாரம் சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். வெள்ளை வெளேரென்று, இரண்டு உடல் கொண்ட பாய்மரப் படகு. "சார், இதான் கேட்டமரான். இது நம்ம கட்டுமரம்தான்னு நீங்க வகுப்புல சொன்னதை என் மகள்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தார். படித்ததும் சந்தோஷம். அடுத்த நிமிடமே மனசு உறுத்தியது. நான் சொன்னதில் பாதிதான் சரி. அந்த மீதிப் பாதித் தவறு இப்போது அடுத்த தலைமுறைக்கும் போய்விட்டது.

பெயர் நம்முடையது, அதில் சந்தேகமே வேண்டாம். கட்டிய மரம் கட்டுமரம். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரங்களை இதே பெயரால்தான் எழுதியிருக்கிறார்.

அமைப்புதான் வேறு. நம் கட்டுமரத்தில் லேசான மரங்களை இடைவெளி இல்லாமல் சேர்த்துவைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். உள்ளே குழிவு கிடையாது. சின்ன வயதில் வாழைமரங்களைச் சேர்த்துக் கட்டி வாய்க்காலில் மிதந்தீர்களே, அதே தத்துவம்தான். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். மூழ்காது. முக்கோணப் பாய் கட்டிக் கடலுக்குப் போவார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் தூரத்தில்தான் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரையலையைக் கடந்து அவற்றுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள்தான்.

இப்போதைய கேட்டமரானில் இரண்டு ஒல்லியான உடல்கள் தள்ளித் தள்ளி இருக்கும். நடுவே குறுக்குச் சட்டம் இணைக்கும். இது பசிபிக் தீவுகளின் பாலினேசிய மக்கள் பெருங்கடல் தாண்டிய இரட்டைப் படகின் வழி. அமெரிக்காவில் நத்தேனியல் ஹெரஷாஃப் இந்த வகையில் 'அமரில்லிஸ்' என்ற படகைக் கட்டி, 1876இல் நியூயார்க் போட்டியில் மற்ற படகுகளை முந்தினார். தோற்றவர்கள் ஆட்சேபிக்க, அதைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். கட்டிச் சேர்த்த மிதவைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய நம் சொல், இந்த இரட்டைப் படகுக்கும் பெயராகிவிட்டது.

அது ஏன் அவ்வளவு வேகம்? ஒற்றை உடல் படகைக் காற்று சாய்க்கும். சாயாமல் இருக்க அடியில் ஈயமோ இரும்போ கனமாக வைப்பார்கள். தவிர, அகன்ற உடல் ஓடும்போது தானே எழுப்பும் அலை அதைப் பிடித்து நிறுத்தும். நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள படகு மணிக்குச் சுமார் 8 கடல் மைலைத் தாண்டத் திணறும். இரட்டைப் படகுக்கு அதன் அகலமே பிடிமானம், ஈயம் வேண்டாம். ஒல்லி உடல் எழுப்பும் அலையும் சிறிது.

குறையும் உண்டு. நீண்ட பயணத்துக்கான தண்ணீரும் சாமானும் ஏற்றினால் வேகம் குறையும். ஒருமுறை தலைகீழாகக் கவிழ்ந்தால் தானாக நிமிராது. அடியில் கனம் உள்ள படகு நிமிரும். நம் கடற்படையின் 'தாரிணி' அப்படிப்பட்ட ஒற்றை உடல் படகு. அதில்தான் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2இல் கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29இல் திரும்பினார்கள்.

தம்பி, உங்கள் மகளிடம் இப்படித் திருத்திச் சொல்லுங்கள்: பெயர் நம் கரையிலிருந்து போனது, வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. அவர்கள் பெருமையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆணி இல்லாமல் கட்டி, கரையலையில் மூழ்காமல் போய்வந்த கட்டுமரத்துக்கு அதன் சொந்தப் பெருமையே போதும்.

என் வகுப்பில் படித்த மற்றவர்களும் திருத்திக்கொள்ளுங்கள். தாமதமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்