செவிப்பொறியும் ஒலிப்பொறியும்

'பொறி' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தையும் ஐம்பொறி என்றனர் முன்னோர். மனிதன் தன் கைத்திறத்தால் ஆக்கிய இயந்திரத்தையும் பொறி என்றே வழங்கினர். இவ்விரு பொறிகளும் ஒன்றையொன்று எதிர்நோக்கி அமரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. உயர்தர ஒலிக்கருவி விற்போர் இசையன்பர்களை அழைத்து, அமைதியான அறையில் அமர்த்தி, தம் கருவியைப் பாடவிட்டு அதன் திறத்தை மெய்ப்பிக்க முயலும் நிகழ்ச்சியே அது. அதனைக் கேட்புக் காட்சி எனலாம்.

தெம்பனிஸ் அடுக்குமாடி வீட்டில் வாழும் இசையன்பர் ஒருவர் வார இறுதியில் இத்தகைய காட்சிக்குச் சென்று வருவது இன்று வியப்பன்று. ஆயினும், இது வெறும் வாணிகச் சடங்கன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. புதிய நூலையும் புதிய ஆடலையும் அறிந்தோர் அவைமுன் அரங்கேற்றி, அவர் ஒப்பிய பின்னரே ஏற்றுக்கொண்ட மரபு நம்முடையது. கேட்புக் காட்சியும் ஓர் அரங்கேற்றமே. அரங்கேறுவது பொறி, அவையாக அமர்வது செவி. அந்த அவை தன் கடமையைச் சரிவரச் செய்ததா என்பதே இவ்வரலாறு எழுப்பும் வினா.

இருளில் ஒரு பாட்டு

அமெரிக்க அறிஞர் தாமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டில் ஃபோனோகிராஃப் என்னும் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டார். பேசிய சொல்லைத் திருப்பிச் சொல்லும் பொறி என்பதே அன்று பெருவியப்பாக இருந்தது. ஒலி செம்மையாக உள்ளதா என்று எவரும் வினவவில்லை. நாளடைவில் வியப்பு அடங்கியது, போட்டியாளர் பெருகினர். தம் பொறியே உண்மைக் குரலை ஒத்தது என்று நிறுவ வேண்டிய தேவை எடிசன் நிறுவனத்துக்கு எழுந்தது.

1915ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்நிறுவனம் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குரல் ஒப்பீட்டுக் காட்சிகளை நடத்தியது. மேடையில் பாடகியும் பொறியும் அருகருகே இருக்க, பாடகி சில வரிகள் பாடுவார், பின் வாய் மூடி நிற்பார், பொறி தொடரும். சில வேளைகளில் விளக்குகள் அணைக்கப்படும். இருளில் பாடல் தொடர்ந்து ஒலிக்கும். விளக்கேற்றினால் மேடையில் பாடகி இரார். பொறி மட்டுமே பாடிக்கொண்டிருக்கும். 1916ஆம் ஆண்டில் நியூயார்க் கார்னகி மன்றத்தில் மேரி ராப்போல்ட் என்னும் பாடகியைக் கொண்டு இத்தகைய காட்சி நடந்தது. வேறுபாடு தெரியவில்லை என்று அவையினர் பலர் வியந்தனர்.

இன்று அப்பதிவுகளைக் கேட்போர்க்கு அவ்வியப்பு விளங்குவது அரிது. கூம்பின் வழியே பதிவான குரல் மெலிந்தும் குறுகியும் ஒலிக்கிறது. அவ்வாறாயின் அன்றைய அவை ஏமாந்தது எங்ஙனம்? அக்காட்சிகளில் பாடிய ஆன்னா கேஸ் என்பார், பல்லாண்டுகளுக்குப் பின்னர், தாம் பொறியின் ஒலிக்கேற்பத் தம் குரலை அமைத்துப் பாடியதாக ஒப்புக்கொண்டார். பொறி மனிதக் குரலை ஒத்தது என்பதைவிட, மனிதக் குரல் பொறியை ஒத்துச் சென்றது என்பதே பொருந்தும்.

மூன்று நிமிடத்துள் ஓர் இராகம்

அவ்வாண்டுகளில் கிராமபோன் கீழ்த்திசை நாடுகளிலும் பரவிவிட்டது. லண்டனிலிருந்து புறப்பட்ட கிராமபோன் நிறுவனத்தின் பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அவை ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இசைத்தட்டுகளாக ஆக்கப்பட்டன. பாட்டின் இறுதியில் கலைஞர் தம் பெயரைத் தாமே கூறுவது அக்கால வழக்கம். அப்பயணத்திலேயே ஜப்பான், சீனம் முதலிய நாடுகளுக்குச் சென்ற கெய்ஸ்பெர்க், 1903ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் பதிவு செய்தார். இத்தீவின் இசைப்பதிவு வரலாறு அத்துணைப் பழைமையானது.

பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மணிக்கணக்கில் விரியும் இராக ஆலாபனையை அதற்குள் அடக்க வேண்டியதாயிற்று. மேலும், கூம்புவழிப் பதிவு ஏறத்தாழ நொடிக்கு 250 முதல் 2,500 அதிர்வுகள் வரையிலான ஒலிகளையே நன்கு பற்றியது. நல்ல செவியோ 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உணரவல்லது. எனவே மிருதங்கத்தின் தொப்பியொலி கீழெல்லையில் நழுவியது. சகரத்தின் மெல்லிய சீறொலி மேலெல்லையில் மறைந்தது. 1925ஆம் ஆண்டில் மின்வழிப் பதிவு வந்த பின்னரே இக்குறை ஓரளவு நீங்கியது. அதற்கு மறு ஆண்டில், பத்து வயதுச் சிறுமியாக எம். எஸ். சுப்புலட்சுமி தம் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார்.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் நிலையை ஈண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். 1906ஆம் ஆண்டில் பிறந்த அவர் 1933ஆம் ஆண்டில் மறைந்தார். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்ட குரல் அவருடையது. அக்குரலை நேரில் கேட்டு இசைத்தட்டோடு ஒப்பிட இனி எவராலும் இயலாது. நமக்கு எஞ்சியிருப்பவை அத்தட்டுகளே. பதிவின் செம்மை என்பது இசையன்பரின் ஆடம்பர வேட்கை மட்டுமன்று, ஓர் இனத்தின் நினைவைக் காக்கும் பொறுப்புமாகும் என்பதற்கு இஃது ஒன்றே சான்றாகும்.

மன்றத்தில் நேர்மையான சோதனை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீளிசைத் தட்டும் தரமான ஒலிபெருக்கிகளும் இல்லங்களை எட்டின. இங்கிலாந்தில் வார்ஃப்டேல் ஒலிபெருக்கி நிறுவனத்தைத் தோற்றுவித்த கில்பர்ட் பிரிக்ஸ், குவாட் கருவிகளை ஆக்கிய பீட்டர் வாக்கருடன் சேர்ந்து 1954ஆம் ஆண்டில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் மன்றத்தில் ஒரு காட்சி நடத்தினார். ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரத்தக்க மன்றம் அது. கலைஞரின் நேரடி இசையும் பதிவிசையும் மாறிமாறி ஒலித்தன.

அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்பார் நிறுவிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனமும் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்னும் நால்வர் இசைக்குழுவைக் கொண்டு இவ்வாறே செய்தது. நால்வரும் வாசித்துக்கொண்டே இருப்பர். இடையில் ஒலிபெருக்கி வாசிப்பை ஏற்கும். அவர்தம் வில்கள் தந்தியைத் தொடாமல் அசைந்துகொண்டிருக்கும். மாறிய கணத்தைப் பலரால் சுட்ட இயலவில்லை. இச்சோதனைக்கான பதிவை அவர்கள் திறந்த வெளியில் செய்தனர். அறையொன்றில் பதிந்தால் அவ்வறையின் எதிரொலியும் தட்டில் ஏறிவிடும். மன்றத்தின் எதிரொலியும் அதனோடு சேர, ஒலி இரட்டிப்பாகக் குழம்பும். பொறி, செவி ஆகிய இரண்டுக்கும் இடையே அரங்கு என்னும் மூன்றாவது ஒன்று உண்டு என்பதை இச்செயல் உணர்த்துகிறது.

அரங்கின் இயல்பு

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் மட்டும் இலக்கணம் கூறி நில்லாமல், எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என அரங்குக்கும் அளவு வகுக்கிறது.

அறையின் எதிரொலியை அறிவியல் முறையில் முதன்முதல் அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின் ஆவார். அங்கே புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபத்தில் பேசுவோர் சொல் எவருக்கும் விளங்கவில்லை. ஒலித்த சொல் அடங்க ஐந்து நொடிக்கு மேலாயிற்று. அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து மோதின. 1895ஆம் ஆண்டில் சபின் இதனை ஆராயத் தொடங்கினார். நகரம் உறங்கும் நள்ளிரவில், அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, எதிரொலி குறைவதை அளந்தார். மெத்தை பெருகப் பெருக எதிரொலி நேரம் ஏறத்தாழ ஒரு நொடியாகக் குறைந்தது. அவர் கண்ட விதியின் துணையோடு எழுந்த பாஸ்டன் சிம்ஃபொனி மன்றம் 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

இனித் தெம்பனிஸ் வீட்டுக்கு வருவோம். தெம்பனிஸ் என்பது வன்மை மிக்க ஒருவகை மரத்தின் பெயர். மணற்குழிகளும் தோட்டங்களும் இருந்த அந்நிலப்பகுதியில் 1970களின் இறுதியில் புதிய நகரத்தின் வளர்ச்சி தொடங்கிற்று. 1992ஆம் ஆண்டில் உலகக் குடியிருப்பு விருது இந்நகருக்காக வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குக் கிடைத்தது. நல்வாழ்வுக்கு ஏற்ற அவ்வீடுகள் நுண்ணிசைக்கென அமைக்கப்பட்டவையல்ல. சிமிண்டுச் சுவரும் பளிங்குபோன்ற தரையும் ஒலியை உட்கொள்ளாமல் திருப்பியடிக்கும். நாலு மீட்டர் இடைவெளியில் இரு சுவர்கள் எதிரெதிரே நின்றால், நொடிக்கு ஏறத்தாழ 43 அதிர்வுடைய தாழொலி அவற்றிடையே நிலைகொண்டு, ஓரிடத்தில் இடிபோல் முழங்கும். மற்றோரிடத்தில் அறவே அடங்கும். சுவருக்கு அப்பால் அண்டைவீட்டார் உறங்குகின்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. கடையில் தேனாக ஒலித்த கருவி வீட்டில் இரைச்சலாகும்போது பலர் கருவியைப் பழிக்கின்றனர். மாறியது கருவியன்று, அரங்கு.

கண் செய்யும் சூழ்ச்சி

சிங்கப்பூரில் கோல்மன் தெருவிலுள்ள அடெல்ஃபி கட்டடம் நெடுங்காலமாக உயர்தர ஒலிக்கருவிக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய கடைகளின் கேட்பறையில் இரு ஒலிபெருக்கிகளும் கேட்போர் இருக்கையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையும். ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இருவழி ஒலிமுறையின் பயன் அவ்விருக்கையில்தான் முழுமையாகப் புலப்படும். பாடகர் நடுவிலும் பக்கவாத்தியம் இருபுறத்திலும் அமர்ந்திருப்பதாக ஒரு தோற்றம் எழும். இன்பமான தோற்றமே அது. ஆயினும் அவ்விடத்தில் இரு சூழ்ச்சிகளுக்கு இடமுண்டு.

ஒன்று, ஒலியின் அளவு. ஃபிளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலி தாழும்போது அடியொலியை உணரும் திறன் செவிக்கு மிகவும் குறைகிறது. எனவே சற்றே உரத்து ஒலிக்கும் கருவி செழிப்பானது போல் தோன்றும். இரு கருவிகளின் ஒலியளவைச் சமமாக்காமல் ஒப்பிடுவது, எடைக்கல் இல்லாமல் நிறுப்பதற்கு ஒப்பாகும்.

மற்றொன்று, கண். ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் ஆகிய ஆய்வாளர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், அதே கேட்போர் அதே ஒலிபெருக்கிகளைத் திரைமறைவில் கேட்டும், நேரில் பார்த்துக்கொண்டே கேட்டும் மதிப்பெண் இட்டனர். உருவமும் பெயரும் கண்ணிற்பட்டவுடன் மதிப்பெண்கள் மாறின. கேட்டதைச் செவி சொல்லவில்லை. கண்டதைக் கண் சொல்லிற்று. விடைத்தாளில் மாணவர் பெயரை மறைத்துத் திருத்துவதன் நன்மையை அறிந்த ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

சிங்கப்பூரில் ஒரு மறு அரங்கேற்றம்

இவ்வரலாற்றில் சிங்கப்பூரும் தன் பங்கைச் செலுத்தியுள்ளது. சிம் வோங் ஹூ 1981ஆம் ஆண்டில் நிறுவிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989ஆம் ஆண்டில் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டையை வெளியிட்டுக் கணினிக்குக் குரல் கொடுத்தது. 2023ஆம் ஆண்டில் மறைந்த அவர், தம் இறுதி ஆண்டுகளில் பெரிதும் ஈடுபட்டது சூப்பர் எக்ஸ்-ஃபை என்னும் தொழில்நுட்பத்தில் ஆகும். காதுமடலின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை அவ்வடிவின் துணைகொண்டே பெரிதும் உணர்கிறது. முகத்தையும் இரு காதுகளையும் படமெடுத்துக் கணித்து, அறை நிறைந்த ஒலிபெருக்கிகளின் இசையை ஹெட்போனுக்குள் கொணர்வதே அம்முறை.

2018ஆம் ஆண்டையொட்டி நடந்த காட்சிகளில் முதலில் ஒலிபெருக்கிகள் இசைத்தன. பின்னர் ஹெட்போன் இசைத்தது. கேட்டோர் பலர் ஒலிபெருக்கிதான் இன்னும் பாடுகிறதோ என்று ஐயுற்று ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தனர். நூறாண்டுக்கு முன்னர் கார்னகி மன்றத்தில் எழுந்த அதே வியப்பு! அன்று இருள் துணை செய்தது. இன்று கண்முன் நிற்கும் ஒலிபெருக்கிகளின் தோற்றமும் ஒரு துணையே. பொறிகள் உண்மையாகவே வளர்ந்துள்ளன என்பதில் ஐயமில்லை. எனினும், அவையின் கடமை அதனால் குறைந்துவிடவில்லை.

அவையின் கடமை

திருவள்ளுவர் தம் நூலின் நாற்பத்திரண்டாம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயரிட்டார். செவியால் பெறும் பேற்றைச் செல்வமாக எண்ணிய மரபு நம்முடையது. அச்செல்வம் விலைச்சீட்டில் இல்லை என்பதையே கேட்புக் காட்சியின் வரலாறு காட்டுகிறது. கூம்பு பற்றாமல் விட்ட ஒலியை எத்துணை விலையுயர்ந்த கருவியும் மீட்டுத் தராது. ஆனால் பயின்ற செவியோ, தேய்ந்த தட்டின் கரகரப்புக்கு அப்பாலும் கிட்டப்பாவின் குரல் எட்டிப் பிடிக்கும் உச்சத்தை அடையாளம் காணும்.

ஆகவே கேட்புக் காட்சிக்குச் செல்வோர் தாம் நன்கறிந்த பாடலைத் தம்முடன் கொண்டு செல்லுதல் நன்று. ஒலியளவைச் சமமாக்கச் சொல்லுதல் நன்று. விலையை இறுதியில் கேட்டல் அதனினும் நன்று. அதற்கெல்லாம் முன்னர், ஒலிபெருக்கி இல்லாத சிறு கூடத்தில் ஒரு நாகசுரத்தையோ வீணையையோ அருகிருந்து கேட்டிருத்தல் வேண்டும். மூலத்தை அறியாதவர் படியைத் திருத்த இயலுமா?

வீட்டரங்கைச் செப்பனிடுவதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் உயரொலியின் எதிரொலியைத் தணிக்கும். சுவரோரம் நூல்கள் நிறைந்த பேரலமாரி ஒன்று இருப்பின், ஒலியை ஓரளவு உட்கொண்டு ஓரளவு சிதறச் செய்யும். தெம்பனிஸ் வீடொன்றில் தமிழ் நூல்கள் அறிவுக்கு மட்டுமன்றிச் செவிக்கும் உணவாக உதவும் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியே.