மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990இல் மீண்டும் போர் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. அங்கிருந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் அதனால் நின்றுவிடவில்லை; மண்ணெண்ணெயில் ஓடின. தன்னாமுனையில் திருகோணமலை வீதியோரம் கராச் வைத்திருக்கும் எனக்கு, எஞ்சினை மாற்றியமைக்கும் பேச்சு வந்தாலே அந்தக் கார்கள்தான் நினைவுக்கு வரும்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால் தாங்கியது. இழுவை குறைந்தது, புகை கண்ணை எரித்தது, எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கியது. என்றாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்த மாற்றம் அது. அதைச் செய்த கைகளை நான் வணங்குகிறேன்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நாடு முழுக்க வந்தது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. பெற்றோல் மிச்சமாகும் என்று நம்பி, பெற்றோல் குழாயில் காந்தம் பூட்டித் தரச் சொல்லிப் பலர் வந்தார்கள். காந்தத்துக்குப் பெற்றோலில் வேலையே இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று சொல்லப்பட்ட 100க்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்து, மிகச் சிலவற்றில்தான் சிறு பலன் கண்டது. வந்தவர்களுக்கு எயார் ஃபில்டரைத் தட்டித் துடைத்து, கறுத்த பிளக்கைச் சுரண்டி இடைவெளி பார்த்து, ரயருக்குக் காற்றடித்து அனுப்பினேன்.