நாலந்தாக் கற்றளியும் மின்மாற்றி எண்ணெயும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கு அண்மையில் அமைந்த நாலந்தா, ஈழத்துக் கட்டடக்கலை வரலாற்றிற் கெடிகே என்னும் கற்றளியாற் பெயர்பெற்றதாகும். கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கருதப்படும் இப்பௌத்த ஆலயம் திராவிடக் கட்டடப் பாணியைத் தழுவியது. மகாவலித் திட்டத்தின்கீழ் அம்பன் கங்கையிற் போவத்தென்ன நீர்த்தேக்கம் உருவானபோது அது நீரில் அமிழும் நிலை தோன்றிற்று. கற்கள் கழற்றப்பட்டு, 1980ஆம் ஆண்டையொட்டி மேட்டுநிலத்தில் மீண்டும் அடுக்கப்பட்டன. அந்நீர்த்தேக்கத்தின் பயன்களுள் ஒன்று, 1981இல் இயங்கத் தொடங்கிய 40 மெகாவாற்று மின்னிலையம். இத்துணை விலைகொடுத்துப் பெற்ற மின்சாரம் எதனாற் காக்கப்படுகின்றது என வினவின், பலரும் அணையையே சுட்டுவர். மின்மாற்றியின் எண்ணெயை நினைப்போர் அரியர்.

மின்மாற்றியுட் கனிய எண்ணெய் காவலியாகவும் குளிர்த்தியாகவும் தொழிற்படுகின்றது. காற்றோடு தொடர்புடைய எண்ணெய் தன் கனவளவில் ஏறத்தாழ 10 சதவீதக் காற்றைக் கரைத்துக்கொள்ளும். அதிலுள்ள ஒட்சிசன் எண்ணெயையும் காவற்றாளையும் நலிவிக்கும். வாயு குமிழாகப் பிரியின் அவ்விடத்தே காவல் முறியும். உள்ளே பழுது நேரின் ஐதரசனும், மின்வில் தோன்றின் அசற்றலீனும் எண்ணெயிற் கரையும். ஆகவே கரைந்த வாயு பகை மட்டுமன்று, சாட்சியுமாகும். சோதனைக்கு மாதிரி எடுக்காது வாயுவை நீக்குவது, நோயறியாது நோய்க்குறியை அழிப்பதையொக்கும்.

வாயுவை நீக்கும் பழைய முறை, எண்ணெயைச் சூடாக்கி வெற்றிடத்தில் மென்படலமாகப் பரப்புவதாம். அமுக்கம் குறையின் கரைந்த வாயுவும் குறையும் என்பதை வில்லியம் என்றி 1803இல் வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை. மென்சவ்வு முறையின் வரலாறோ வேறிடத்தில், இறப்பர்ப் பலூனிலே தொடங்குகின்றது. இறப்பரினூடாக வெவ்வேறு வாயுக்கள் வெவ்வேறு வேகத்திற் கசிவதைப் பிலதெல்பியா மருத்துவர் மிச்செல் 1831இற் கண்டார். துளையற்ற இறப்பரில் வாயு முதலிற் கரைந்து, பின் பரவி, மறுபுறம் வெளிப்படுகின்றது என 1866இல் தோமசு கிரகாம் விளக்கினார். மறுபுறத்தை வெற்றிடமாக்கிக் காற்றைச் செலுத்தியபோது, கசிந்த வாயுவில் ஒட்சிசன் ஏறத்தாழ 40 சதவீதமாயிற்று. இன்றைய துளையற்ற மென்சவ்வுகளின் அடிப்படைத் தத்துவம் அவ்விளக்கத்துள் அடங்கியுள்ளதெனில் மிகையன்று.

நீரிலிருந்து வாயுவை அகற்ற நுண்டுளைகளையுடைய பொலிபுரொப்பிலீன் உள்ளீடற்ற நார்கள் போதுமானவை. நீர் அத்துளைகளுட் புகுவதில்லை. எண்ணெயின் மேற்பரப்பிழுவிசையோ நீரினதில் ஏறத்தாழ அரைப்பங்கே. அது நாரை நனைத்துத் துளைகளை நிரப்பி, மறுபுறத்து வெற்றிடத்துள்ளும் ஒழுகிவிடும். ஆதலின் எண்ணெய்க்குத் துளையற்ற மெல்லிய தோலையுடைய நார் வேண்டப்பட்டது. தடித்த தாங்கியின்மேல் மெல்லிய தோல் என்னும் அமைப்பை, உவர்நீரை நன்னீராக்கும் பொருட்டு, 1960ஐ அடுத்து உலோப்பும் சூரிராசனும் கலிபோணியாவில் ஆக்கியிருந்தனர். பின்னர் அதேயமைப்பு பொலிமெதயில்பென்ரீன், புளோரீன் சேர்ந்த பல்பகுதியம் ஆகியவற்றில் உருப்பெற்றது. வாயு தோலிற் கரைந்து கடக்க, எண்ணெய் நின்றுவிடும். எண்ணெயின் பாகுத்தன்மையே எஞ்சிய இடர்: தோலை அடுத்த படை எளிதில் அசையாமையால், எண்ணெயை இளஞ்சூடாக்கியே செலுத்துவர்.