மிகை மெய்ம்மைவழி மிதிவண்டி, மின் ஸ்கூட்டர் நடத்தை ஆய்வு

மிதிவண்டியிலும், நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டரிலும் செல்வோர் உண்மைத் தரையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, தலையில் அணிந்த காட்சிக்கருவி வழியாகக் கணினி உருவாக்கிய கார்களையும் பாதசாரிகளையும் அவர்கள் கண்முன் தோற்றுவித்து, அவர்கள் எடுக்கும் முடிவுகளை அளந்தறியும் முறை. மெய்யுலகோடு கற்பிதப் பொருள்களை இணைத்தல், உடனுக்குடன் எதிர்வினை தருதல், முப்பரிமாண வெளியில் இடம்பிசகாமல் பொருத்துதல் ஆகிய மூன்றையும் மிகை மெய்ம்மையின் இலக்கணமாக ரொனால்ட் அசூமா 1997இல் வகுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் நிலையாகப் பொருத்திய வண்டியில், வளைவில் சாய்வதும் பிரேக் பிடிக்கையில் உடல் முன்தள்ளப்படுவதும் முழுமையாக உணரப்படுவதில்லை. இரு சக்கரங்களில் செல்வோரின் ஒவ்வொரு முடிவும் சமநிலையோடு பிணைந்திருப்பதால் இக்குறை சிறியதன்று. உண்மைக் காரைக் குறுக்கே விட்டுச் சோதிப்பதோ ஆய்வறத்துக்கு ஒவ்வாது. அடைக்கப்பட்ட திடலில் தோன்றும் உருவக் கார் மோதினாலும் எவரையும் காயப்படுத்தாது. வேகம், பக்கவாட்டு விலகல், பார்வையின் திசை ஆகியவற்றோடு, ஓட்டுநரும் உருவக் காரும் அதே வேகத்திலும் திசையிலும் தொடர்ந்தால் மோதுவதற்கு எஞ்சும் வினாடிகளைக் குறிக்கும் மோதல் நேரமும் பதிவாகிறது.

இம்முறைக்கும் குறைகள் உண்டு: வெயிலில் உருவங்கள் மங்குவதுண்டு. அதைவிடக் காட்சிக்கருவியின் குறுகிய பார்வைப் பரப்பே பெரிய இடர், ஏனெனில் பக்கவாட்டில் நெருங்கும் வண்டியை ஓட்டுநர் எப்போது கவனிக்கிறார் என்று ஆராய்கையில் அது முடிவுகளையே திரித்துவிடக்கூடும்.